கோவைத் தொலைவுதான் பலாலி!

திருச்சி விமான நிலையத்தில் ஒரு முளையை அடித்து, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கோவை விமான நிலையம் வரை இழுத்து அளந்தால் ஏறத்தாழ 184 கிலோமீட்டர் வரும். கயிற்றை அவிழ்க்காதீர்கள்! முளை அப்படியே இருக்கட்டும். நுனியை மட்டும் தூக்கிக் கொண்டு கிழக்கே திரும்பி, பட்டுக்கோட்டைச் சீமையைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போடுங்கள். எங்கே விழும் தெரியுமா? யாழ்ப்பாணத்துப் பலாலியில், விமானம் இறங்கும் திடலிலேயே விழும்!

கதையல்ல தோழர்களே, கணக்கு! பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் நாட்டுப்படமும் ஓர் அடிக்கோலும் போதும், அளந்து பார்க்க.

கோவையைத் தொலைவிலுள்ள ஊர் என்று திருச்சியில் யாராவது சொல்வார்களா? மாலையில் பேருந்து ஏறினால் இரவுச் சோற்றுக்குக் கோவை. அத்தை வீடு அங்கே, பெண் கொடுத்த வீடு அங்கே, ஆலையில் வேலை பார்க்கும் தம்பி அங்கே. ஆனால் பலாலி என்றதும் முகம் மாறுகிறது. அயல்நாடு என்கிறார்கள், கடல் கடந்த சீமை என்கிறார்கள், போய்வர முடியுமா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கயிறுதான். ஒருபுறம் மலைக்காற்று, மறுபுறம் கடற்காற்று, அவ்வளவே வேறுபாடு!

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். இலங்கையின் பெரிய விமான நிலையம் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கவில் இருக்கிறது. பலாலியிலிருந்து அதற்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஆக, யாழ்ப்பாணத்தானுக்குத் தன் நாட்டுத் தலைவாசலைவிடத் திருச்சி 100 கிலோமீட்டருக்கு மேல் பக்கம்! படத்தில் இப்படி. நடப்பில் எப்படி இருந்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்தத் தொலைவு, நேரம் இரண்டையும் புரிந்து கொள்வோம். விமானத்தார் சொல்லும் தொலைவு, சாலைக்காரர் சொல்லும் தொலைவு அல்ல. சாலை கரூரைத் தொடும், ஆற்றுக்கு வளையும், சந்தைக்கு நுழையும். அதனால்தான் திருச்சி–கோவைச் சாலை இருநூறைத் தாண்டுகிறது. விமானத்துக்கு ஆறு ஏது, சந்தை ஏது? உருண்டையான இந்த உலகின் முதுகில் இரு புள்ளிகளுக்கிடையே கிடக்கும் மிகக் குறுகிய கோடு எதுவோ, அதையே அது தன் தொலைவாக வைத்துக் கொள்கிறது. கப்பல்காரனிடமிருந்து இரவல் வாங்கிய அளவு ஒன்றும் அதற்கு உண்டு. 1.852 கிலோமீட்டர் கொண்ட கடல் மைல்தான் அது. அந்தக் கணக்கில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே 99 கடல் மைல்.

இந்த வழியில் 2025 மார்ச் 30-ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் விமானம் விடத் தொடங்கியது. விட்டது ஏ.டி.ஆர். 72 என்னும் வகை. இரண்டு பொறிகள், பொறிக்கு ஆறு இதழ் கொண்ட சுழலி, எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகள். வானில் ஏறிச் சமநிலைக்கு வந்துவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடும். சரி, 184 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்துப் பாருங்கள். 22 நிமிடம்! ஆனால் கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றது. மிச்சம் 38 நிமிடம் எங்கே போயிற்று? விழுங்கியவர் யார்?

ஒருவரும் விழுங்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தறியில் நூல் ஓடுகிற நிமிடங்களை மட்டும் கூட்டிக் கூலி கொடுப்பேன் என்று முதலாளி சொன்னால் ஒப்புக் கொள்வோமா? வாயிலில் நுழைந்தது முதல் வெளியேறியது வரை என் நேரமய்யா, நூல் அறுந்ததும் பாவு மாற்றியதும் என் கணக்கிலேதான் என்போம். விமானத் துறையிலும் அதே நியாயம்தான். புறப்படுவதற்காக ஊர்தி முதல் அசைவு அசைந்த கணத்திலிருந்து, இறங்கி ஓடி ஓரிடத்தில் நின்ற கணம் வரை பறப்பு நேரம் என்று எண்ணுவது உலகத்தார் ஏற்ற விதி. விமானியின் பணி நேரமும் அதை வைத்தே எழுதப்படுகிறது. இதைத்தான் அவர்கள் பிளாக் டைம் என்கிறார்கள்.

அந்த ஒரு மணிக்குள் என்னென்ன அடங்கும்? நிற்குமிடத்திலிருந்து ஓடுபாதையின் தலைப்புக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் வேறொரு விமானம் இருந்தால் காத்திருக்க வேண்டும். எழும்பி உயரம் பிடிக்கும்வரை முழு வேகம் கிடையாது. இறங்கத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாக இறங்க வேண்டும் என்பதால், சில நாள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வர நேரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். போதாக்குறைக்குத் தாமதத்துக்கென்று சில நிமிடங்களை அட்டவணை போடுகிறவர் முன்கூட்டியே சேர்த்துவிடுவார். நம் பேருந்து நேரக்காப்பாளர் செய்யாததா! குறுகிய வழிகளில் சுழலி விமானம் பெரிய ஜெட்டுக்கு அதிகம் பின்தங்காததும் இதனால்தான். ஜெட்டுக்கு 800 கிலோமீட்டர் வேகம் இருந்து என்ன பயன்? அதைக் காட்டுவதற்குள் ஊர் வந்துவிடுகிறதே!

திருச்சியிலிருந்து பலாலிக்குப் படத்தில் நேர்கோடு கிழித்துப் பாருங்கள். கந்தர்வகோட்டைப் பக்கமாகப் போகும். பட்டுக்கோட்டைச் சீமையின் தென்னந்தோப்புகளைக் கடக்கும். அதிராம்பட்டினத்தின் அருகே கரையை விட்டுக் கடலுக்குள் இறங்கும். அதுவரை ஏறத்தாழ 84 கிலோமீட்டர் நிலம். அதற்கப்பால் 100 கிலோமீட்டர் பாக்கு நீரிணை. முழு வேகத்தில் போகும் ஏ.டி.ஆருக்கு அந்த 100 கிலோமீட்டர் 12 நிமிடப் பாடு.

வெறும் 12 நிமிடம்! ஒரு குவளைத் தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் ஓடிவிடும் நேரம். அந்தக் கடலை, 1983-க்குப் பின்னர் எத்தனை ஆயிரம் பேர் இரவிரவாக, வள்ளத்தின் அடியில் கைக்குழந்தையின் வாயைப் பொத்திக் கொண்டு கடந்தார்கள்! மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிப் போன பின், கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் விடியும்வரை இடுப்பளவு நீரில் நின்றவர்கள் எத்தனை பேர்! வராமலே போனவர்களை யார் எண்ணினார்கள்?

வானத்து வழி அதற்கு முன் இல்லாமலா இருந்தது? இருந்தது! பலாலித் திடல் இரண்டாம் உலகப் போரில் வெள்ளையரின் வான்படை போட்டது. போர் முடிந்தது, படை போனது, திடல் நின்றது. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10-ஆம் நாள் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது எங்கே பறந்தது? இலண்டனுக்கா? சிங்கப்பூருக்கா? இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு! ஆம், அந்நாட்டு விமானத் துறையின் முதல் வழியே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த வழிதான். டகோட்டா விமானங்கள் மூன்று வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்குப் பெயர் சீதாதேவி! இலங்கைக்கும் நமக்கும் இடையே பறப்பதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை போலும். இருக்கட்டும், அந்தப் புராணம் நமக்கு வேண்டாம்.

கடல் வழியும் இருந்தது. எழும்பூரில் ஏறினால் போட் மெயில். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி தொடர்வண்டி, கொழும்பு. ஒரே சீட்டு! தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஏழை மக்களை மண்டபம் முகாமில் அடைத்து, அம்மை உண்டா, பேதி உண்டா என்று பார்த்து அனுப்பியதும் இவ்வழியேதான். 1964 அக்டோபர் 30-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்டார்களே, அப்படிப் பங்கு பிரிக்கப்பட்டவர்கள் தலைமன்னார்த் துறையில் கதறக் கதறக் கப்பலேறியதும் இவ்வழியேதான். அதே ஆண்டு டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியைத் தொடர்வண்டியோடு வாரிக் கொண்டு போயிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1980-களில் போர் வந்தது, அதுவும் நின்றது.

வானத்திலும் கதவு அடைபட்டது. பலாலி படைத் தளமாயிற்று. பின்னாளில் உள்நாட்டுப் பயணிகளை அங்கிருந்து இரத்மலானைக்கு ஏற்றிச் சென்றார்கள். தரைவழி அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு வேறு போக்கில்லை. 1998 செப்டம்பர் 29-இல் அப்படி எழுந்த லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டது. உள்ளே இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனால் இந்தியாவுக்குப் பலாலியிலிருந்து விமானம் என்பது நாற்பதாண்டளவு வெறும் பழங்கதையாகவே கிடந்தது.

அந்த நாற்பதாண்டில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் திருச்சிக்கு வரவேண்டுமானால் எப்படி வருவார்? மகளுக்குத் திருமணப் புடவை எடுக்க வேண்டும், அல்லது தாய்க்குக் கண் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். பாதை திறந்திருந்த காலத்தில், முதலில் தெற்கே ஓடி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடந்து கொழும்பு போகவேண்டும். இராப் பேருந்தில் ஒரு முழு இரவு. பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறி 417 கிலோமீட்டர் வடக்கே பறந்து திருச்சி. தமிழ்நாட்டை நோக்கி வருவதற்காகத் தமிழ்நாட்டுக்கு முதுகைக் காட்டி ஒரு நாள் ஓட வேண்டும்! 184 கிலோமீட்டருக்குப் பதில் 800-க்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இங்கே தலையைச் சுற்றியதோடு முதுகையும் சுற்றி அல்லவா தொட வைத்தார்கள்!

இந்தச் சுற்றுக்குக் காசு கொடுத்தவர் யார்? அரசா கொடுத்தது? நோயாளியின் குடும்பம் கொடுத்தது. சிறு வணிகன் கொடுத்தான். கொழும்பில் ஒரு நாள் தங்கும் விடுதி வாடகை, வழியில் சோற்றுக் காசு, போர்க்காலமானால் சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறிய அவமானம். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறாத வரி இது.

கதவு மறுபடி திறந்தது 2019 அக்டோபர் 17-இல். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகையில் தமிழை முதலில் எழுதினார்கள். அதற்கும் தென்னிலங்கையில் சிலர் சினந்தார்கள்! தமிழன் இறங்கும் ஊரில் தமிழ் முதலில் நின்றால் யாருடைய குடி முழுகிப் போகும்? நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. சென்னை–பலாலி நேர்கோடு ஏறத்தாழ 354 கிலோமீட்டர். நான்கு திங்கள் போகவில்லை, கொரோனா வந்து 2020 மார்ச்சில் வழி அடைபட்டது. இரண்டரை ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கிற்று. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. அதன் பின்னரே திருச்சி.

வந்தது நல்லது. யார் வந்தாலும் வரவேற்போம். ஆனால் இந்த 22 நிமிட வானம் யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்காமல் விட முடியாது.

அயல்நாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வா என்பர். கடவுச் சீட்டு, நுழைவு இசைவு, குடியகல்வு, சுங்கம் என்று வரிசைகள். ஒரு மணிப் பயணத்துக்கு அரை நாள் போய்விடும். அதையாவது பொறுக்கலாம். திருச்சி விமான நிலையத்தின் அருகிலேயே கொட்டப்பட்டு இருக்கிறது. அங்கே ஈழத்து மக்கள் வாழும் முகாம் ஒன்று உண்டு. 2021-இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அத்தகைய முகாம்கள் நூற்றுக்கு மேல், அவற்றில் வாழ்பவர் ஐம்பதாயிரத்துக்கு மேல். சிறு வள்ளத்தில் உயிரைப் பிடித்துக் கொண்டு வந்தவனிடம் கடவுச் சீட்டு ஏது? முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? ஓசை கேட்கும் தொலைவில் விமானம் எழுகிறது. ஏறுவதற்கு வேண்டிய தாளுக்கோ ஆண்டுக் கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது.

தாள் கிடைத்தவர் கதை இன்னும் கேளுங்கள். 2025 மே இறுதியில் எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பின் உதவியோடு முறைப்படி ஊர் திரும்பி, பலாலியில் இறங்கினார். இறங்கியவரைக் கைது செய்தார்கள்! குற்றம் என்ன? பல்லாண்டுக்கு முன் நாட்டை விட்டுப் போனபோது சட்டப்படியான வழியில் போகவில்லையாம்! குண்டு விழும்போது குடியகல்வு அலுவலகத்தைத் தேடிப் போய் முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கண்டனம் எழுந்த பிறகே விடுவித்தார்கள். கடல் 12 நிமிடத்தில் கடந்துவிடுகிறது தோழர்களே. சட்டத்தின் ஓர் ஏட்டைக் கடக்கத்தான் முதுமையிலும் முடியவில்லை.

உழைப்பாளிக்கு ஏற்ற வழி கப்பல்தான் என்பது என் எண்ணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 60 கடல் மைல், நான்கு மணி நேரம். மூட்டை முடிச்சோடு போகலாம், பிள்ளை குட்டியோடு போகலாம். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கினார்கள். சில நாள் ஓடியது, மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-இல் வேறொரு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். வாடை வீசும் திங்களெல்லாம் கடல் கொந்தளிக்கும். சிறு கப்பல் தாங்காது. பெரிய கப்பல் விடுவதும் துறைமுகத்தை ஆழப்படுத்துவதும் அரசுகளின் வேலை. இலாபம் வருமா என்று மட்டும் பார்க்கிற நிறுவனத்தின் தலையில் அதைக் கட்டிவிட்டுக் கைகழுவக் கூடாது.

பலாலியை விரிவாக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. ஏ.டி.ஆர். எழும்ப 1,300 மீட்டரளவு ஓடுபாதை போதும். பெரிய ஜெட் வரவேண்டுமானால் 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். பெரிய விமானம் வந்தால் இருக்கை பெருகும், கட்டணம் இறங்கும், சரக்கு போகும். நியாயந்தான். ஆனால் ஓடுபாதை வானத்திலா நீளும்? நிலத்தில் அல்லவா நீள வேண்டும்! அது யாருடைய நிலம்?

பலாலி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி, மயிலிட்டி... இவை வலிகாமம் வடக்குச் சிற்றூர்கள். செம்மண் பூமி. வெங்காயமும் புகையிலையும் வாழையும் கிணற்று நீரில் விளைந்த பூமி. மயிலிட்டி பெயர் பெற்ற மீன்பிடித் துறை. 1990-இல் இம்மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். திரும்பிப் போகாதே, இது உயர் பாதுகாப்பு வலயம் என்று முள்வேலி போட்டார்கள். போர் 2009-இல் முடிந்தது, வேலி முடியவில்லை. 2013-இல் 6,381 ஏக்கரை அரசே எடுத்துக் கொள்வதாக அறிவிப்பு ஒட்டினார்கள். யாழ்ப்பாணத்து உழவன் நிலத்தை ஏக்கரில் பேசமாட்டான், பரப்பு என்பான். பதினாறு பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். ஐந்து பரப்புத் தோட்டமும் ஒரு பங்குக் கிணறும் இருந்தால் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழும். ஓர் இலட்சத்து இரண்டாயிரம் பரப்பை ஒரே தாளில் எழுதி ஒட்டினார்கள்! மக்கள் வழக்காடினர், போராடினர். 2015-க்குப் பின் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். மயிலிட்டித் துறை 2017 ஜூலையில் திரும்பி வந்தது. எல்லாம் வந்துவிடவில்லை. வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டுப் பனையை அடையாளம் காட்டுகிற கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விமானம் பெரிதாக வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓடுபாதைக்கு எத்தனை பரப்பு வேண்டும், அது யார் யாருடையது, அதற்கு என்ன விலை, மாற்று நிலம் எங்கே என்று ஊரைக் கூட்டி முதலில் சொல்லட்டும். வேலிக்குள் கிடக்கும் மிச்ச நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் பிறகு கேட்கட்டும். அளவுச் சங்கிலியோடு வருகிற அதிகாரிகள், முப்பத்தைந்து ஆண்டாகத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் காத்து வைத்திருக்கிறார்களே காணி உறுதிகள், அவற்றை வாங்கிப் படித்துவிட்டுச் சங்கிலியை நீட்டட்டும்.